கதவுக் கைப்பிடி மாற்றப் போகிறீர்களா? பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்

கதவு சரியாகச் சாத்தாவிட்டால் முதலில் திட்டு வாங்குவது கைப்பிடிதான். பாதி நேரம் அது ஒரு தப்பும் செய்திருக்காது. கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு ஆடினால் கீல் திருகு தளர்ந்திருக்கிறது. அதை முறுக்கினாலே பூட்டின் நாக்கு நிலையில் உள்ள ஓட்டைக்குள் ஒழுங்காக விழும். ஐப்பசி மழையில் மட்டும் இறுகுகிற கதவென்றால் மரம் ஊதியிருக்கிறது. தை வரைக்கும் பொறுங்கள்.

திருநகரில் எங்கள் வீட்டு அறைக் கதவுகளில் இருந்தவை நீளப் பிளேட்டோடு வரும் மார்டைஸ் கைப்பிடிகள், அதாவது கதவின் கனத்துக்குள்ளேயே புதைந்திருக்கும் பூட்டுக்கானவை. ஸ்பிரிங் போய், பிடி ஒவ்வொன்றும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அத்தைக்கு விரல் மூட்டில் வலி. தொங்கும் பிடியைத் தூக்கிப் பிறகு அழுத்துவது அவருக்குப் பெரிய வேலை. சரி, மாற்றிவிடலாம் என்று நானே உட்கார்ந்தேன். இதற்கெல்லாம் ஆசாரியைக் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், டேப், கட்டிங் பிளேயர் போதும்.

கழற்றுமுன் கதவு சாத்திக்கொள்ளாதபடி கீழே அம்மிக் குழவியை வையுங்கள். கைப்பிடி இல்லாத கதவு காற்றில் சாத்திக்கொண்டால் நாக்கு விழுந்துவிடும், நீங்கள் உள்ளேயே மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு பக்கத்துப் பிடியையும் பூட்டு வழியாக இணைக்கும் பழைய சதுரக் கம்பியைப் பையில் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. அதை ஓட்டையில் விட்டு பிளேயரால் திருப்பினால் கதவு திறந்துவிடும்.

திருகுத் தலையில் பெயின்ட் அடைத்திருக்கும். ஊக்கு முனையால் சுரண்டி எடுத்த பிறகே திருப்புங்கள். அவசரப்பட்டால் தலை மழுங்கிப் போகும். துரு பிடித்திருந்தால் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கேறித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். சில பிடிகளில் கழுத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத குட்டித் திருகு ஒன்று இருக்கும். அதற்கு ஆலன் கீ, அதாவது ஆறு பட்டை உள்ள வளைந்த கம்பிச் சாவி, வேண்டும்.

இரண்டு பக்கத்துப் பிளேட்டும் வந்ததும் சதுரக் கம்பியை மட்டும் பூட்டுக்குள் விட்டுத் திருப்பி விடுங்கள். நாக்கு டப்பென்று வெளியே வந்தால் பூட்டு நன்றாக இருக்கிறது, கைப்பிடி மட்டும் வாங்கினால் போதும். சோம்பலாக வந்தால் பூட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இப்போது அளவு. இதில்தான் எல்லாரும் காசை விடுகிறார்கள். "எட்டு இன்ச் பிளேட் குடுங்கண்ணே" என்று கேட்டால் கடைக்காரர் கொடுத்துவிடுவார். ஆனால் பிளேட்டின் நீளம் முக்கியமே இல்லை. சதுரக் கம்பி ஓட்டையின் நடுவிலிருந்து சாவி ஓட்டையின் நடு வரை எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் கணக்கு. சிலிண்டர் பூட்டுகளில் இது பெரும்பாலும் 85 மி.மீ. இருக்கும், மற்ற வகைகளில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அடுத்து கம்பியின் கனம், பெரும்பாலும் 8 மி.மீ. பிறகு கதவின் கனம். ஃப்ளஷ் டோர் (இருபக்கமும் வழவழவென்று சமமாக இருக்கும் பிளைவுட் கதவு) 30, 32, 35 மி.மீ. என்று வரும், பழைய தேக்குக் கதவு அதைவிடத் தடிமனாக இருக்கலாம். தடித்த கதவுக்கு நீளம் குறைந்த கம்பி எட்டாது. இத்தனையும் வாயால் சொல்வதைவிட, பழைய செட்டை மஞ்சப்பையில் போட்டு டவுனுக்கு எடுத்துப் போய் மேசையில் வைத்துவிடுங்கள். புதுப் பிளேட்டை அதன் மேல் வைத்துப் பாருங்கள்: ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும், பழையதன் ஓரம் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் கதவிலும் அந்தத் தடம் தெரியும். வட்டமான சின்னத் தட்டோடு வரும் புது மாடல்கள் பார்க்க அழகுதான். பழைய ஓட்டைகளை மறைக்காது.

பிடியின் நுனி கதவை நோக்கி வளைந்திருப்பதாக எடுங்கள். நேராக நீட்டிக்கொண்டிருப்பது முந்தானையையும் நைட்டிப் பையையும் பிடித்து இழுக்கும். இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள், ஆம்பிளைகள்தானே விற்கிறார்கள்! பாத்ரூமுக்கு மட்டும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். நம் ஊர் போர் தண்ணீர் உப்புக்கு முலாம் பூசியதெல்லாம் பொரிந்து உரியும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில், வெளியிலிருந்து ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்பித் திறக்கிற மாதிரிப் பூட்டுதான் பாத்ரூமுக்குச் சரி.

பொருத்தும்போது பழைய திருகு ஓட்டை தொளதொளவென்று இருந்தால் விளக்குமாற்று ஈர்க்குச்சிகளை ஃபெவிக்காலில் தோய்த்து இறுக்கமாகச் செருகி, ஒரு ராத்திரி விட்டு, நீட்டியிருப்பதை அறுத்துவிடுங்கள். புது ஓட்டை என்றால் திருகைவிட மெல்லிய டிரில் பிட்டால் துளையுங்கள். பித்தளைத் திருகைத் தேக்கில் நேரடியாக ஏற்றினால் பாதியில் முறியும். அதே அளவு இரும்புத் திருகை முதலில் ஏற்றிக் கழற்றிவிட்டு, பித்தளையில் கொஞ்சம் சோப்புத் தடவி ஏற்றுங்கள். எல்லாத் திருகையும் பாதி வரை ஏற்றிவிட்டுப் பிடியை அழுத்திப் பாருங்கள். உரசாமல் திரும்பி வந்தால் முழுதாக முறுக்கலாம். ரொம்ப இறுக்கினால் பிளேட் வளைந்து பிடி சிக்கிக்கொள்ளும்.

கதவைத் திறந்து வைத்தபடியே சாவியை இருபக்கமும் போட்டுப் பார்த்த பிறகு சாத்துங்கள். நாக்கு நிலையில் இடித்தால், அதன் முனையில் எண்ணெயில் குழைத்த குங்குமம் தடவிச் சாத்தினால் எங்கே இடிக்கிறது என்று சிவப்பாகத் தெரியும். நிலையில் பதித்த தகட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் அரத்தால் ராவினால் போதும்.

கழற்றிய பழையவற்றில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல், சுரண்டின இடம் மஞ்சளாகவும் தெரிந்தால் பித்தளை. அதைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போடலாம். ஒட்டினால் இரும்பு, தெருவில் பேரீச்சம்பழக்காரர் வரும்வரை எடுத்து வையுங்கள்.