மூக்கைத் தூக்கிய கடல் விமானத்தை அடக்கிய கதை

திருகோணமலை உட்துறைமுகத்தில் இறங்குவதுபோல ஒரு கடல் விமானத்தை, விமானம் கட்டிப் பறக்கவிடும் சிம்பிள்பிளேன்ஸ் என்ற கணினி விளையாட்டில் ஆசையாகக் கட்டினேன். மேலெழும்பியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும். வேகம் செத்து, வால்பக்கமாக விழும். மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டரைப் பெருப்பித்தும் அடங்கவில்லை.

மையங்களைத் திரையில் காட்டவிட்டதும் காரணம் பிடிபட்டது. நிறை மையத்தைக் காட்டும் சிவப்பு உருண்டை, தூக்குவிசையின் நீல உருண்டைக்குப் பின்னால் நின்றது. சிவப்பு சற்று முன்னால் நிற்கவேண்டும், அதுதான் உயிர்நாடி. மூக்கில் பாரம் கூட்டி, இறக்கையைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினேன். எரிபொருள் தாங்கியையும் நிறை மையத்துக்குக் கிட்டவே வைத்தேன். தள்ளி வைத்தால் எண்ணெய் குறையக் குறையச் சமநிலையும் மாறும்.

இப்போது கையை விட்டாலும் நேராகப் பறக்கிறது. சிவப்பை அளவுக்கு மிஞ்சி முன்னே தள்ளிவிடாதீர்கள், தண்ணீரில் இறங்கும்போது மூக்கு எழும்பாது.