மீன்கறிக்குத் துணையாக என்ன குடிப்பது? குமரிக்காரர்கள் செய்யும் சில தவறுகள்

மீனுக்கு வெள்ளை ஒயின், இறைச்சிக்குச் சிவப்பு ஒயின் என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வதுதான் முதல் தவறு. அது வெண்ணெயும் எலுமிச்சையும் போட்டு மீன் சமைக்கிற ஊர்களின் கணக்கு. குளச்சலில் வாங்கிய நெய்மீனைத் தேங்காய், மிளகாய் வத்தல், சின்ன உள்ளி அரைத்துப் புளி விட்டு வைத்த பிறகு, நாக்கில் முதலில் நிற்பது மீன் இல்லை, அரைப்புதான். அதனால் கிளாஸில் என்ன ஊற்றுவது என்பதை மீனின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், சட்டியில் உள்ள புளி, எரிவு, எண்ணெய் மூன்றையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சிவப்பு ஒயினைத் தள்ளி வைக்கச் சொல்வதில் மட்டும் நியாயம் இருக்கிறது. அதில் இரும்புச்சத்து கூடுதலாக இருந்தால் மீனோடு சேரும்போது வாயில் கவிச்சி அடிக்கும் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாளை (மத்தி), அயலை (கானாங்கெளுத்தி) மாதிரி எண்ணெய் உள்ள மீன்களோடு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, நம்ம ஊரில் அதிகம் நடப்பது: தேங்காய் எண்ணெயில் பொரித்த மீனும், ஐஸ் போல் குளிர்ந்த பீரும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதே வேலை வாய்க்குள்ளும் நடக்கிறது. குளிர்ந்த பீர் பட்டதும் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம் ஒட்டும். பிறகு மீனின் ருசியும் தெரியாது, பீரின் ருசியும் தெரியாது. பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றினால் போதும். நல்லெண்ணெயில் பொரித்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் நெத்தோலியைத் தேங்காய் எண்ணெயில் பொரிக்காமல் இருப்பது என்னால் ஆகாத காரியம்.

காரத்தை அடக்க ‘ராவாக’ ஒரு பெக் போடுவது இன்னொரு வழக்கம். மிளகாயின் எரிவை உணர்கிற அதே நரம்பு முனைகளைச் சாராயமும் தூண்டும். அதாவது எரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் தீ. சோடாவின் குமிழும் அந்த எரிவைக் கூட்டும். காரமான கறிக்கு மது குறைந்த, லேசாக இனிப்புள்ள பானம்தான் சரி. குடிக்காதவர்களுக்கு இதில் கவலையே இல்லை: மோர் இருக்கிறது, பனை சீசனில் அக்கானி (பதநீர்) இருக்கிறது. எல்லை தாண்டினால் கேரளத்துக் கள்ளுக்கடையில் கள்ளும் மீன்கறியும் ஏன் அவ்வளவு பொருந்துகிறது என்றால் காரணம் இதுதான்: மது குறைவு, புளிப்பும் இனிப்பும் அளவாக உண்டு. இந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை, ஆகவே அந்தப் பேச்சு இங்கே எடுபடாது.

எலுமிச்சை விஷயத்துக்கு வருவோம். பானத்தின் புளிப்பு கறியின் புளிப்பைவிடக் குறைந்தால் பானம் சப்பென்று இருக்கும். புளி தூக்கலான மீன்கறியான புளிமுளத்துக்கும், புளிச்சிக்காய் போட்ட கறிக்கும் எலுமிச்சை தாராளமாகப் பிழிந்த ஜின் பொருந்தும். மாங்காயும் முருங்கைக்காயும் போட்ட மீன் அவியலுக்கு அவ்வளவு வேண்டாம், தேங்காயின் மென்மை போய்விடும். பாட்டிலில் வரும் எலுமிச்சைச் சாற்றை மட்டும் கிளாஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ரம்மில் கோலாவை முக்கால் கிளாஸ் ஊற்றுபவர்களிடம் எனக்கு வாதம் இல்லை, வருத்தம்தான். கருப்பட்டியைத் தண்ணீரில் காய்ச்சிப் பாகாக்கி, ஒரு ஸ்பூன் பாகும் அரை எலுமிச்சையும் கருப்பு ரம்மில் சேர்த்துக் குலுக்கிப் பாருங்கள். சுட்ட சூரைக்கும், வறுத்த கணவாய்க்கும் இதுக்கு மேல் ஒன்று எனக்குத் தோன்றவில்லை. சாறு சேர்ந்தால் குலுக்க வேண்டும், மது மட்டும் என்றால் கரண்டியால் கலக்கினால் போதும்.

இதே பாகில் கிராம்பு போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். நம் மாராமலைக் கிராம்பு வீரியம் உள்ளது, குமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் அதிலுள்ள யூஜினால் என்ற பொருள்தான் பல் மருத்துவர் மரத்துப்போகத் தடவுவது. ஒரு கிளாஸுக்கு ஒன்றுக்கு மேல் போட்டால் நாக்கு மரத்து, அப்புறம் சிப்பியா சிங்கி இறாலா என்று பிரித்தறிய முடியாது.

கடைசியாக ஒன்று, இது ருசியைப் பற்றியது இல்லை. சூரை, அயலை, சாளை போன்றவை வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். கையில் கிளாஸ் இருந்தால் எல்லோரும் குடியைத்தான் குறை சொல்வார்கள், மீனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மூச்சு முட்டினாலோ உதடு வீங்கினாலோ ‘போதை தெளியட்டும்’ என்று படுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், மீன் சாப்பிட்டதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.