ஹாட் ராடில் பழைய டிஸ்க் பிரேக்: பாகங்களை அடையாளம் காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 1932 ஃபோர்டு மாதிரி ஒரு ஹாட் ராடைப் (வேறு வண்டிப் பாகங்களைப் போட்டு மாற்றியமைத்த பழைய காரை) பலர் கைமாறி வாங்கியவர், பிரேக் பேட் தேய்ந்ததும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வண்டியின் வருடத்தைச் சொல்லிக் கேட்பார். முதல் தவறே அதுதான். அந்த வருடத்து ஃபோர்டில் டிஸ்க் பிரேக்கே கிடையாது. முன்பக்கம் இருப்பது பெரும்பாலும் கலவைதான்: ஸ்பிண்டில் (சக்கரம் சுழலும் அச்சு) 1937–48 ஃபோர்டு, காலிப்பரும் (பேடை அழுத்தும் பாகம்) ரோட்டாரும் (பேட் பிடிக்கும் வட்டு) ஜெனரல் மோட்டார்ஸ், காலிப்பரை ஸ்பிண்டிலோடு சேர்க்கும் பிராக்கெட் ஏதாவது ஒரு கிட் கம்பெனி (மாற்றுப் பாகங்களைத் தொகுப்பாக விற்பது) செய்தது. பிராக்கெட்டில் இருக்கும் பெயரை வைத்துத் தேடினாலும் பிராக்கெட் யாருடையது என்றுதான் தெரியும், மற்றவற்றைத் தனித்தனியாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காலிப்பரைப் படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1970களின் ஷெவெல், கமாரோ, நோவாவில் வந்த காலிப்பரும், 1978 முதல் ஜெனரல் மோட்டார்ஸின் நடுத்தரக் கார்களிலும் பின்னர் எஸ்-10 பிக்கப்பிலும் வந்த 'மெட்ரிக்' காலிப்பரும் ஒற்றை பிஸ்டன் வகைதான், தூரத்தில் இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பேடைக் கழற்றி, வெர்னியர் வைத்து பிஸ்டனை அளந்து பாருங்கள். பழையதில் சுமார் 2 15/16 அங்குலம், மெட்ரிக்கில் சுமார் 2 1/2. பேடும் வேறு: பேட் நம்பர் முன்னதற்கு டி52, பின்னதற்கு டி154. ஹோஸ் போல்ட்டின் மரையும் பெரும்பாலும் வேறு, பழையதில் 7/16 அங்குலம், மெட்ரிக்கில் 10 மி.மீ. ஒன்றின் போல்ட்டை இன்னொன்றில் 'எப்படியோ பிடிக்குது' என்று திருகிவிடாதீர்கள், அழுத்தம் மொத்தமும் அந்த மரைமேல்தான் விழுகிறது.

ரோட்டார் விஷயத்தில் வீல் போல்ட் வட்டத்தை (போல்ட்டுகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டத்தை) மட்டும் நம்புவது பெரிய ஏமாற்றம். பழைய ஃபோர்டு வீல் மாட்ட 5 1/2 அங்குல வட்டம் வேண்டும், ஷெவெல் ரோட்டார் 4 3/4. அதனால் பலர் வேறு வட்டத்தில் புதிதாகத் துளை போட்டிருப்பார்கள். ஐந்து போல்ட் என்றால் பக்கத்துப் பக்கத்து போல்ட்டுகளின் மையத்தூரத்தை 1.7ஆல் பெருக்கினால் வட்டம் கிடைக்கும். அப்புறம் கூடுதல் துளைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். விட்டம், தடிமன், பேரிங் நம்பர் மூன்றும் சேர்ந்தால்தான் ரோட்டார் எது என்று தெரியும். பேரிங் நம்பர் வளையத்தின் ஓரத்தில் இருக்கும், கிரீஸைச் சுத்தமாகத் துடைத்தால்தான் தெரியும். உட்பக்கம் ஒரு ஸ்லீவ் போட்டிருந்தால் அது கிட்டோடு வந்ததாக இருக்கலாம், குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

காற்று எடுக்கும் திருகு கீழ்நோக்கி இருந்தால், முன்பிருந்தவர் இடது வலது காலிப்பர்களை மாற்றிப் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதைப் பார்க்காமல் நம்பர் குறித்துக்கொண்டு போனால் புதிய காலிப்பரும் அதே தப்பான பக்கத்துக்கே வரும்.

மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் பிரேக் திரவத்தை லைனில் தள்ளும் பாகத்தை) பலரும் மறந்தே விடுகிறார்கள். டிரம் பிரேக் காலத்து சிலிண்டரே இன்னும் இருந்தால், அதற்குள் இருக்கும் வால்வு லைனில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்க்குக்கு அது அதிகம், பேட் விடாமல் உரசிச் சூடாகும். சிலிண்டர் வண்டியின் தரைத்தகட்டுக்குக் கீழே இருந்தால் டிஸ்க் லைனுக்கு 2 பவுண்டு வால்வு போதும்.