"இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்று இத்தாலிய மொழியில் கேட்க

இத்தாலிய மொழி படிக்கத் தொடங்கினால் முதலில் வாயில் ஒட்டிக்கொள்வது 'கோமே ஸ்தாய்?', அதாவது எப்படி இருக்கிறாய். நல்லதுதான், ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவரிடம் அன்றைய நாளை விசாரிக்க அது போதாது. அங்கே கேட்க வேண்டியது 'கொமே அந்தாத்தா லா ஜொர்னாத்தா?', நாள் எப்படிப் போனது. பேச்சில் 'கொமே அந்தாத்தா?' என்றோ, இன்று என்பதைச் சேர்த்து 'கொமே அந்தாத்தா ஒஜ்ஜி?' என்றோ சுருக்கிவிடுவார்கள். இலக்கணத்தைப் பிரித்துப் பார்க்காமல் முதலில் அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

உச்சரிப்பில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். 'கோமே ஸ்தாய்' சொல்லும்போது அழுத்தம் 'கோ'வில், 'கொமே அந்தாத்தா'வில் அது 'மே'க்குப் போய்விடும். தமிழில் எழுத வேறு வழியில்லாததால்தான் இங்கே த்தா என்று போட்டிருக்கிறேன், தாமரையில் வரும் தா மாதிரி லேசாகச் சொன்னால் போதும். 'தூத்தோ பேனே?' (எல்லாம் நல்லபடியா?) என்பதில் வரும் த்தோவும், கீழே வரும் 'ஃபாத்தோ'வில் உள்ள த்தோவும் உண்மையிலேயே இரட்டை, அவற்றை நன்றாக அழுத்துங்கள். படத்தையும் பட்டத்தையும் பிரித்துச் சொல்லும் நமக்கு இது சுலபம்.

நாள் இன்னும் முடியவில்லை, மதியம்தான் ஆகிறது என்றால் 'கோமே ஸ்தா அந்தாந்தோ லா ஜொர்னாத்தா?'. பரீட்சை எழுதி வந்தவரிடம் 'கொமே அந்தாத்தோ லெஸாமே?'. பரீட்சை இத்தாலிய மொழியில் ஆண்பால் சொல் என்பதால் 'அந்தாத்தா' இங்கே 'அந்தாத்தோ' ஆகிறது. மரியாதை கொடுக்க வேண்டியவரிடம் 'லா சூவா ஜொர்னாத்தா', உங்கள் நாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'கோசா ஆய் ஃபாத்தோ தி பெல்லோ ஒஜ்ஜி?'. இன்றைக்கு நல்லதாக என்ன செய்தாய் என்று அர்த்தம், கேட்டாலே எதிரில் இருப்பவருக்குக் கதை சொல்ல ஆசை வந்துவிடும், அதனால் நண்பர்களிடம் இதைத்தான் கேட்கச் சொல்வேன்.

உங்களைக் கேட்டால் 'பேனே, கிராட்சியே' (நல்லா போச்சு, நன்றி), சுமார் என்றால் 'கொசீ கொசீ'. களைப்பாக இருந்தால் ஆண் 'சோனோ ஸ்தாங்க்கோ', பெண் 'சோனோ ஸ்தாங்க்கா'. அப்புறம் 'ஏ ஆ தே?', உனக்கு எப்படி, என்று திருப்பிக் கேளுங்கள். அவர் முகம் வாடினால் 'கோமே மாய்?', ஏன் அப்படி, என்று கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள்.