காந்தாரி சாஸும் நனைந்த பன்னும்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மயினி கூப்பிட்டுக் காட்டினாள். மிக்ஸி ஜாரில் காந்தாரி மிளகாய், சின்ன உள்ளி, அரை தம்ளர் தண்ணீர். பர்கர் சாஸாம்.

"தண்ணி எதுக்கு மயினி?"

"பின்ன தண்ணி விடாம எப்பிடி அரையும்?"

பதினோரு வருஷத்துக்கு முந்தி நானும் இதையேதான் சொன்னேன். மிளகாய் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது என்பதெல்லாம் மார்த்தாண்டத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

தண்ணீர் விட்டு அரைப்பது

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு கேரல் பாட வரும் பிள்ளைகளுக்கென்று இருபது பர்கர் செய்தேன். இரண்டு கிலோ மாட்டிறைச்சி. காந்தாரியைச் சட்னி மாதிரி அரைத்து மயோனைஸில் கலக்கி, எல்லாவற்றையும் முன்கூட்டியே அடுக்கி மூடி வைத்துவிட்டேன். பாட்டு கோஷ்டி வர முக்கால் மணி நேரம் தாமதம். எடுத்தால் அடிப்பன் கஞ்சியில் ஊறிய ரஸ்க் போல விரலோடு வந்தது. இறைச்சியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் போனார்கள். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

காரணம் எளிது. மயோனைஸ் என்பது கொஞ்ச நீருக்குள் நெருக்கியடித்து நிற்கும் எண்ணெய்த் துளிகள். அந்த நெருக்கம்தான் அதன் கெட்டி. மேலும் தண்ணீர் சேர்ந்தால் துளிகள் விலகும், சாஸ் ஓடும், பன் குடிக்கும். இன்னொன்று: மிளகாயின் எரிவுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில்தான் கரையும். தண்ணீரில் அரைத்தால் ஒரு கடியில் சப்பென்றிருக்கும், அடுத்த கடியில் காது அடைக்கும்.

மரச்சீனிக்கிழங்குக்குக் காந்தாரி சம்மந்தி, அதாவது துவையல், எப்படிச் செய்வோம்? அதேதான். பதினைந்து காந்தாரி, ஆறு சின்ன உள்ளி, கல்லுப்பு. அம்மியில் தண்ணீர் படாமல் சதைத்து, பத்து நிமிஷம் சாய்த்து வையுங்கள். உப்புக்கு உள்ளி நீர் விடும்; அதை வடித்துவிடுங்கள். பிறகு இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பிசைந்து, அரை மணி கழித்து ஒரு கப் கெட்டி மயோனைஸில் கலக்குங்கள். மயோனைஸின் கொழுப்பு எரிவை மட்டுப்படுத்தும். அதனால் சம்மந்தியாக நாக்கில் வைக்கும்போது கொஞ்சம் அதிகமாகவே எரிய வேண்டும். பயந்து மிளகாயைக் குறைத்தவர்கள் கடைசியில் வெறும் மயோனைஸைத்தான் தின்கிறார்கள்.

பச்சை முட்டை

கேரளத்தில் 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தார்கள்; 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் ஓராண்டுக்குத் தடை போட்டது. வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி பயம்தான் காரணம். வீட்டிலும் முட்டை வேண்டாம். காய்ச்சி ஆறி நன்கு குளிர்ந்த பால் அரை கப், சூரியகாந்தி எண்ணெய் ஒரு கப். மிக்ஸியின் சின்ன ஜாரில் பாலை ஓட்டி, எண்ணெயை நூலாக விட்டு, கடைசியில் ஒரு கரண்டி வினிகர். தானே இறுகும்.

முழுக்கத் தேங்காய் எண்ணெயிலேயே மயோனைஸ்

மணம் பிரமாதம். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கரண்டி இறங்காது. சம்மந்திக்கு விடும் இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள்.

இறைச்சியில் உப்பை முதலிலேயே பிசைவது

கொத்திய இறைச்சி இறுகி ரப்பராகும். தட்டிய பிறகு, கல்லில் போடும் முன் மேலே தூவுங்கள், நல்லமிளகும் அப்போதே. உள்ளே சிவப்பு தெரிய எடுக்க வேண்டாம். கொத்திய இறைச்சி நடுவில் 71 டிகிரி வரை வெந்தாக வேண்டும்.

பன்னைச் சுடாமல் வைப்பது

வெண்ணெய் தடவி, வெட்டிய பக்கம் கல்லில் படச் சுடுங்கள். சாஸ் மேல்பன்னுக்கு மட்டும், அதுவும் பரிமாறும் நேரத்தில்.

கெட்சப்

வேண்டாம். இனிப்பு கேட்டால் கருப்பட்டிப் பாகு ஒரு துளி.

மயினி வீட்டு அம்மி மாட்டுத் தொழுவத்துப் பக்கம் கிடக்கிறது, குழவியைக் காணோம். இப்போதைக்கு என் இடிகல்லைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.