தனியார் நிலத்தில் காட்டுயிர் வாழிடம்: நிதி கேட்கும் விண்ணப்பத்தை மதிப்பிடுவது எப்படி?

காட்டுயிர்கள் காப்பகங்களுக்குள் மட்டும் வாழ்வதில்லை. மேய்ச்சல் நிலம், ஓடைக்கரை, தோட்டத்து ஓரம் என்று தனியார் நிலங்களையும் நம்பியே அவை இருக்கின்றன. அங்கே வாழிடத்தைக் காக்க நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களை முதன்முறையாகப் பரிசீலிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: ஆவணங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, கூட்டு உரிமையாளர்கள் அனைவரும் சம்மதித்தார்களா, அடமானமோ குத்தகையோ உண்டா என்று பாருங்கள். இதில் சிக்கல் இருந்தால், அது தீரும்வரை மேலே போக வேண்டாம்.

படி 2: நேரில் போய்ப் பாருங்கள். விண்ணப்பத்தில் நீளமான உயிரினப் பட்டியல் இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு, இரை, நீர், இனப்பெருக்க இடம், நடமாடும் வழி ஆகிய நான்கையும் தேடுங்கள். ஓடைக்கரையில் பெரிய மரங்கள் நிற்கின்றன, ஆனால் முழங்கால் உயரக் கன்று ஒன்றுகூட இல்லை, சேறெங்கும் குளம்படிகள். முளைப்பதையெல்லாம் கால்நடைகள் மேய்ந்துவிடுகின்றன என்று பொருள். இங்கே நாற்று நடப் பணம் கேட்டால், முதலில் வேலி எங்கே என்று கேளுங்கள். பொந்துள்ள முதுமரங்களையும் விழுந்து மட்கும் கட்டைகளையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். நட்டு வளர்த்து இவற்றை ஈடுசெய்யப் பல பத்தாண்டுகள் ஆகும்.

படி 3: பணம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி இதுதான். ஒருவரிடம் 40 ஹெக்டேர் அடர்காடு இருக்கிறது. செங்குத்துச் சரிவு, யாரும் வெட்டப் போவதில்லை. இன்னொருவரிடம் இரண்டு காட்டுத்துண்டுகளை இணைக்கும் 12 ஹெக்டேர் சீரழிந்த ஓடைக்கரை. அடுத்த ஆண்டே உழப்படலாம். பார்வைக்கு அழகானது முதல் நிலம். நிதியால் மாற்றம் நிகழப்போவது இரண்டாவதில். புதியவர்கள் பெரும்பாலும் முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

படி 4: புள்ளியிடுங்கள். கிடைக்கும் நன்மையை வெற்றிவாய்ப்பால் பெருக்கி, செலவால் வகுத்தால் போதும். 60 புள்ளி நன்மைக்குப் பாதி வாய்ப்பு என்றால் 30. 45 புள்ளிக்கு 0.8 வாய்ப்பு என்றால் 36. செலவு சமமானால் இரண்டாவதே முந்தும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2001இல் தொடங்கிய புஷ்டெண்டர் திட்டத்தில், தேவைப்படும் தொகையை நில உரிமையாளர்களே ஏலமாகக் கேட்டார்கள். செலவுக்கு எவ்வளவு பல்லுயிர் நன்மை என்ற அடிப்படையில் வரிசைப்படுத்தினார்கள். எந்த முறையானாலும், படி 3இல் தேறாத திட்டத்தை மற்ற மதிப்பெண்களைக் கொண்டு கரையேற்றாதீர்கள்.

படி 5: ஒப்பந்தம். பத்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் நிலம் உழப்படலாம். நிலத்தோடு சேர்ந்து அடுத்த உரிமையாளரையும் கட்டுப்படுத்தும் நிரந்தரப் பாதுகாப்பு உரிமைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். தொகையை வேலை முடிய முடியத் தவணையாக விடுவியுங்கள். வேலை தொடங்கும் முன்பே குறித்த இடங்களிலிருந்து படமெடுத்து, ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே பருவத்தில் மீண்டும் எடுங்கள். நிதி பெறாத பக்கத்து நிலம் ஒன்றையும் ஒப்பீட்டுக்காகக் கண்காணியுங்கள். நல்ல மழையால் வந்த பசுமை எது, நம் பணத்தால் வந்தது எது என்று பிரித்தறிய வேறு வழியில்லை. இந்தக் கண்காணிப்புச் செலவு விண்ணப்பத்திலேயே இல்லையென்றால், திருத்தி வரச்சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.