தமிழ் வகுப்புக்கும் அன்னதானத்துக்கும் தொண்டர்களைச் சேர்க்கும் முன்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் சங்கம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் மாதாந்திர அன்னதானமும் நடத்துகிறது. புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் கேட்டதால் எங்கள் முறையை எழுதுகிறேன். சங்கப் பதிவு, வங்கிக் கணக்கெல்லாம் முடித்திருப்பீர்கள்.

படி 1: ஆளைத் தேடுமுன் வேலைகளைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: பிள்ளைகளோடு பழக வேண்டுமா, பணம் கைமாறுமா, அடுப்போ வண்டியோ உண்டா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். நாற்காலி அடுக்க வந்தவரிடம் கைரேகை கேட்டால் மறுவாரம் வரமாட்டார்.

படி 2: பிள்ளைகளோடு பழகுபவர்கள். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். போலீஸ் சான்றிதழ் வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதில் தெரிவது குற்றத் தீர்ப்பு மட்டும். 2005-ஆம் ஆண்டு சிறுவர் சட்டப்படி சமூக மேம்பாட்டுத் துறை வைத்திருக்கும் சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டின் ‘பி’ பகுதி வேறு. குற்றத் தீர்ப்பே இல்லாத ஒருவரையும் சிறுவர் நீதிமன்றம் பிள்ளைகளோடு பழகத் தகுதியற்றவர் என்று அதில் சேர்க்கலாம். அதில் பெயர் இருந்தால் பிள்ளைகளோடு வேலை செய்யத் தடை; சம்பளம் வாங்காத தொண்டருக்கும் அந்தத் தடை உண்டு. சங்கம் விசாரிக்கப் படிவம் 30. தன் பெயரைத் தானே பார்க்க 29. எண்ணை மாற்றிவிடாதீர்கள். நீதித்துறையின் பாலியல் குற்றவாளிகள் பதிவேடு இன்னொன்று, அதற்குத் தனி விண்ணப்பம். பதில் தாமதமாகும், ஜனவரி வகுப்புக்கு முந்தைய ஆண்டே அனுப்பிவிடுங்கள். “நம்ம அங்கிள்தானே, கோயில்ல பார்த்தவர்தானே” என்பார்கள். அங்கிளுக்கும் படிவம் உண்டு.

பதில் வந்தபிறகும் வகுப்பறையில் பெரியவர்கள் இருவர், கதவு திறந்தபடி. உண்டியல் எண்ணவும் இருவர், இருவர் கையெழுத்து.

அடையாள அட்டை நகலை வாட்ஸ்ஆப் குழுவில் போடச் சொல்லாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ‘போபியா’, சங்கங்களையும் கட்டுப்படுத்தும். பூட்டிய அலமாரியில் ஒரு கோப்பு, சாவி ஒருவரிடம். கிளவுட், கூகுள் ஷீட் எதுவும் எனக்குப் பிடிக்காது.

படி 3: காப்பீடு. வேலையிடக் காயத்துக்கான ‘கோய்டா’ இழப்பீடு ஊழியர்களுக்கானது; சம்பளமில்லாமல் சாம்பார் அண்டாவைத் தூக்குபவர் அதில் வரமாட்டார். நம்மால் பிறருக்கு நேரும் காயம், சேதத்துக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுக்கும்போது தொண்டருக்கு ஏற்படும் காயமும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ‘அடிபட்டால் சங்கம் பொறுப்பல்ல’ என்கிற ‘இன்டெம்னிட்டி’ தாளில் கையெழுத்து வாங்குவதோடு நிற்கும் சங்கங்கள் அதிகம். காலில் சாம்பார் கொட்டியவரின் மருத்துவச் செலவை அந்தத் தாள் கட்டாது.

பின்சேர்க்கை: டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு அக்கா, சொந்தக் காரில் உணவுப் பொட்டலம் கொண்டுபோகிறவர்களைப் பற்றிக் கேட்டிருந்தார். அரசின் சாலை விபத்து நிதி உடல் காயத்தை மட்டும் பார்க்கும், வண்டிச் சேதத்தைப் பார்க்காது. இந்த நாட்டில் வண்டிக் காப்பீடு கட்டாயமும் இல்லை. ஓட்டுபவரின் உரிமத்தையும் காப்பீட்டையும் பாருங்கள். அன்னதான ஓட்டத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் அவரே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். காப்பீடு இல்லாதவரைப் பொட்டலம் கட்டும் மேசைக்கு அனுப்புங்கள், அங்கே எப்போதும் ஆள் குறைவு.